மெஹ்ரௌலியில் ஒரு முத்திரை வேட்டை: ஆறு பெட்டிகளும் ஒரு காய்ந்த ஸ்டாம்ப் பேடும்

சென்ற பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தில்லி மெஹ்ரௌலி தொல்லியல் பூங்காவில் ஒரு சிறு குழுவினர் நடத்தும் லெட்டர்பாக்சிங் வேட்டைக்கு நானும் என் மனைவியும், ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளும், திருச்சியிலிருந்து வந்திருந்த என் தாயாரும் சென்று வந்தோம். கட்டணம் தலைக்கு 600 ரூபாய். முதியவருக்கும் சலுகை இல்லை. காலை ஏழரை மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குள் ஆறு பெட்டிகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்பதை, போக நினைக்கும் தில்லித் தமிழர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

லெட்டர்பாக்சிங் என்பது தெருமுனைச் சிவப்புத் தபால் பெட்டியோடு தொடர்பற்றது அல்ல. 1854ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன் பகுதியில், டார்ட்மூர் என்னும் கரடுமுரடான மேட்டுநிலத்தில் வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட் என்பவர், எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் அதில் தங்கள் பெயரட்டையை இட்டுச் சென்றார்கள். பிற்பாடு, தன் முகவரிக்கே எழுதிய அஞ்சலட்டையை அங்கே விட்டுவிட்டு வருவதும், அடுத்து வருபவர் அதை எடுத்துச் சென்று தபாலில் சேர்ப்பதும் வழக்கமாயின. இன்றைய வடிவத்தில், ஒளித்து வைத்த பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு குறிப்பேடும் இருக்கும். தேடி வருபவர் பெட்டியின் முத்திரையைத் தன் ஏட்டிலும், தன் சொந்த முத்திரையைப் பெட்டியின் ஏட்டிலும் பதித்துவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். செயற்கைக்கோள் உதவியோடு ஆடும் ஜியோகேச்சிங் 2000ஆம் ஆண்டில்தான் பிறந்தது. லெட்டர்பாக்சிங்குக்கு வேண்டியவை துப்பு எழுதிய தாள், திசைகாட்டி, கால் ஆகியவை மட்டுமே.

சொந்த முத்திரையை வீட்டிலேயே செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். பெரிய அழிரப்பர் ஒன்றில் மகள் 'ழ' எழுத்தை இரண்டு மாலைகள் உட்கார்ந்து செதுக்கினாள்; முத்திரையில் எழுத்தை இடவலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பது முதல் பதிவைப் பார்த்த பிறகுதான் எங்கள் நினைவுக்கு வந்தது. மெஹ்ரௌலியின் குறிப்பேடுகளில் இன்று தலைகீழ் இடவலத்தோடு நிற்கும் ழகரம் எங்களுடையதுதான்.

இனி வேட்டைக்கு வருகிறேன். இத்தகைய நிகழ்ச்சியின் தரம் துப்புகளின் தரமே என்பது என் கருத்து. கல்லை உற்றுப் பார்த்தாலொழிய விடை கிடைக்காத துப்புதான் நல்ல துப்பு. கைப்பேசியில் தேடி விடை காண முடிகிற துப்புக்கு நாம் மெஹ்ரௌலிவரை போக வேண்டியதில்லை. இந்த அளவுகோலில் ஆறில் மூன்று முதல் தரம், இரண்டு சுமார், ஒன்று வீண்.

முதல் தரத்தில் முதலிடம் பல்பன் கல்லறைத் துப்புக்கு. "குத்பு மினார் வளாகத்தில் கற்கள் படுத்திருக்கின்றன, தோளோடு தோள் முட்டி நிற்கும் கற்களைத் தேடு" என்ற பொருளில் இந்தியில் இரண்டு வரிகள். 1287இல் இறந்த சுல்தான் கியாசுதீன் பல்பனின் கல்லறை இன்று மேற்கூரையற்று, வானம் தெரிய நிற்கும் கல் சுவர்கள்தான். விவரம் தெரியாதவர் இடிபாடு என்று கடந்து போய்விடுவார். ஆனால் அங்குள்ள வளைவே இந்தியாவில் எஞ்சியிருக்கும் முதல் உண்மையான வளைவு என்று கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவதுண்டு. அதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் முந்தைய குத்பு வளாகத்து மசூதியின் முகப்பு வளைவுகள் பார்வைக்கு வளைவாக இருந்தாலும், கட்டிய முறையில் வளைவுகள் அல்ல. கற்களைக் கிடையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் கீழ் வரிசையைவிடச் சற்று உள்நோக்கி நீட்டிக்கொண்டே போய் உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் உட்புறம் குறுகிக் குறுகி உயர்வதும் இதே அடுக்கு முறையில்தான். பல்பன் கல்லறையிலோ ஆப்பு வடிவத்தில் செதுக்கிய கற்கள் மையத்தை நோக்கிச் சாய்ந்து ஒன்றையொன்று நெருக்கி, மேலிருந்து வரும் பாரத்தைப் பக்கவாட்டில் கடத்தி நிற்கின்றன. இந்த வேறுபாட்டைப் பாடநூலில் படித்து மறந்தவன் நான். என் மகள் அந்த வளைவின் கீழ் கழுத்து வலிக்க நின்று, கல்லுக்குக் கல் விரலால் சுட்டிக்காட்டி, எது எதன்மேல் சாய்கிறது என்று எங்களுக்கு விளக்கினாள். 600 ரூபாயில் பாதி அந்த இடத்திலேயே கழிந்துவிட்டது.

இரண்டாவது நல்ல துப்பு: "வயதைக் குறைத்துச் சொல்பவர் உலகில் பலர், வயதைக் கூட்டிச் சொல்லும் கட்டடம் எது?" முகலாய அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த தாமஸ் மெட்காஃப், 1840களில், அக்பரின் செவிலித்தாய் மகனான ஆதம் கானின் சகோதரர் குலி கானுடைய எண்கோணக் கல்லறையைத் தன் ஓய்வு மாளிகையாக மாற்றிக்கொண்டு அதற்கு தில்குஷா என்று பெயரிட்டார். கல்லறைக்கு மேல் குடித்தனம் நடத்தியதோடு நில்லாமல், சுற்றிலும் பழங்காலச் சின்னங்களைப் போலத் தோன்றும் அலங்காரக் கட்டடங்களையும் எழுப்பினார். அவற்றுள் ஒன்றான, மேட்டின்மேல் நிற்கும் சத்ரியை (தூண்கள்மேல் குவிமாடம் கொண்ட சிறு மண்டபம்) பார்த்துப் பலர் முகலாயர் காலத்தது என்று ஏமாறுவதே துப்பின் அடிப்படை. "அடுத்தவன் சமாதியில் சோறு தின்ன எப்படி மனசு வந்ததோ" என்று அம்மா கேட்டது துப்புத்தாளில் இல்லை, இருந்திருக்கலாம்.

மூன்றாவது, ராஜோன் கி பாவ்லி என்னும் படிக்கிணறு. சிக்கந்தர் லோதி காலத்தில், 1506இல், தௌலத் கான் கட்டிய நான்கடுக்குக் கிணறு இது. ராஜ் என்றால் இந்தியில் கொத்தனார் என்றும் பொருள் உண்டு. பிற்காலத்தில் கொத்தனார்கள் இங்கே குடியிருந்ததால் வந்த பெயர். "அரசர் பெயர் சுமந்தும் அரசருடையதல்லாத கிணறு" என்னும் சிலேடை இந்தி அறிந்தவருக்கு இனிக்கும். துப்புகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருப்பதால், அம்மாவுக்கு நான் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சிலேடையை மொழிபெயர்ப்பதற்குள் பக்கத்துக் குடும்பத்தார் பெட்டியைத் திறந்துவிட்டார்கள்.

வீண் என்று நான் சொன்னது ஜமாலி கமாலி மசூதித் துப்பு. 1528இல் கட்டத் தொடங்கியபோது ஆண்ட மன்னர் யார் என்பதே கேள்வி. எல்லோரும் கைப்பேசியை எடுத்தார்கள். பாபர் என்று தெரிந்ததும் நிமிர்ந்து பார்க்காமலே நடந்தார்கள். பக்கத்துக் கல்லறையில் ஜமாலி என்ற புனைபெயரில் எழுதிய சூஃபிக் கவிஞர் ஷேக் ஃபஸ்லுல்லாவுக்கு அருகில் துயிலும் கமாலி யார் என்பதற்கு உறுதியான சான்று இன்றுவரை இல்லை. இப்படியொரு புதிர் இடத்திலேயே கிடக்கும்போது, அதை விட்டுவிட்டுப் பள்ளித் தேர்வுக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம்.

பெட்டிகளை வைத்திருந்த முறையைத் தனியே பாராட்ட வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது சட்டம். ஆகவே கல்லிடுக்கில் பெட்டியைச் செருகும் டார்ட்மூர் வழக்கம் இங்கே ஆகாது. கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள் என்று மெட்ரோவில் நாள்தோறும் அறிவிப்பு கேட்கும் நகரத்தில், புதரில் ஒரு தகர டப்பா கிடந்தால் காவல்துறைதான் முதலில் வரும். எனவே நான்கு பெட்டிகளைத் தன்னார்வலர்கள் மடியிலேயே வைத்துக்கொண்டு, சின்னங்களிலிருந்து விலகி அமர்ந்திருந்தார்கள். விடைச்சொல்லைச் சொன்னால் திறந்து தருவார்கள். இரண்டை மட்டும் காலையில் சீமைக்கருவேலப் புதரோரம் ஒளித்து, தொலைவில் நின்று கண்காணித்தார்கள். தூய மரபுவாதிகள் முகம் சுளிக்கலாம்; தில்லிக்கு இதுவே சரி.

குறைகளில் முதலாவது, தப்படிக் கணக்கு. "40 கதம்" என்று துப்பில் இருந்தால் யாருடைய கதம் என்று சொல்ல வேண்டாமா? என் தப்படிக்கும் மகளின் தப்படிக்கும் பத்து மீட்டர் வித்தியாசம் வந்தது. முள்ளுக்குள் புகுந்து கையைக் கீறிக்கொண்டது நான். இரண்டாவது, ஸ்டாம்ப் பேடு. நான்கு பெட்டிகளில் மை காய்ந்து, முத்திரை பாதி விழுந்தும் பாதி விழாமலும் இருந்தது. அரிய கைவேலையோடு செதுக்கிய படிக்கிணற்று முத்திரை எங்கள் ஏட்டில் வெறும் சாம்பல் நிழலாக நிற்கிறது. இருபது ரூபாய் மைப்புட்டியில் தீர்ந்திருக்கக்கூடிய குறை இது. கழிப்பறை பற்றிய தகவல் முன்கூட்டியே தரப்படவில்லை என்பதையும், வயதானவர்களை அழைத்துச் செல்வோர் கருத்தில் கொள்ள வேண்டும். மஞ்சள் வழித்தடத்தில் குதுப் மினார் நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவில் எளிதாகச் சேரலாம். உள்ளே நடை அதிகம், பாதை சீரற்றது.

அம்மாவின் நடைக்கு ஏற்ப நாங்கள் மெதுவாகச் சென்றதால் ஆறாவது பெட்டி எங்களுக்குக் கிடைக்கவில்லை. பதினொன்றே முக்காலுக்குப் போனபோது அதை எடுத்துச் சென்றுவிட்டிருந்தார்கள். புகார் செய்தேன். வருத்தம் தெரிவித்து, முகவரி கேட்டுக்கொண்டார்கள். பதினோராம் நாள் எங்கள் ராமகிருஷ்ணபுரம் வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. பின்புறத்தில் ஆறாவது முத்திரை. மை மட்டும் இம்முறை தெளிவாகப் பதிந்திருந்தது.