ஆட்டுக்குடல் தந்தியும் அரைக் கட்டையும்

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில் முப்பது வருடமாக மிருதங்கத்துக்கு மூட்டு, அதாவது அடிக்கிற தோல் முகம், கட்டுகிறேன். சென்ற மாதம் சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில், பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஆறு பிராண்டன்பர்க் கன்சர்ட்டோக்களும் (பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் உருப்படிகள்) அடங்கிய குறுந்தகடுகள் 300 ரூபாய்க்குக் கிடைத்தன. பெட்டியின் மூடி விரிசல் விட்டிருந்தது. கடைக்காரர் அதற்காக ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. வாசித்திருப்பது லண்டனின் இங்கிலிஷ் கன்சர்ட் என்ற குழு, 1982 பதிவு. பாக் காலத்து வாத்தியங்கள் என்றதும் வாங்கிவிட்டேன்.

வயலினில் எஃகுத் தந்தி இல்லை, ஆட்டுக்குடல் தந்தி. வில் பட்டதும் முதலில் ஒரு சொரசொரப்பு, அதற்குப் பிறகுதான் ஸ்வரம். தோலோடு மல்லாடுகிறவனுக்கு இது உடனே பிடிபடும். மழை நாளில் தோல் தொய்வதுபோல இந்தத் தந்தியும் ஈரத்துக்குச் சுருதி மாறும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் வைத்தால் என்ன ஆகுமோ! இன்று 440 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 440 அதிர்வு) கூட்டும் ஸ்வரத்தை இவர்கள் 415இல் வைக்கிறார்கள். நம் சுருதிக் கணக்கில் அரைக் கட்டை இறக்கம். பாடகர் இறக்கச் சொன்னால் முணுமுணுக்கிற எனக்கு, இங்கே அந்த இறக்கம் இதமாக இருக்கிறது.

ஐந்தாவதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஹார்ப்சிகார்ட் பியானோ மாதிரி கட்டைகளை அழுத்தி வாசிப்பது, ஆனால் அதில் சுத்தியல் கிடையாது, இறகு முனை தந்தியைச் சுண்டும். எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலி ஏறாது. அதை வைத்துக்கொண்டு முதல் பகுதியில் குழுவின் தலைவர் டிரெவர் பின்னாக் 65 பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி அவர்களுடைய தாள அளவு) தனியாக வாசிக்கிறார். நம் கச்சேரியில் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனமேதான்! பலமாக அடிக்க வழியில்லாததால் ஸ்வரங்களை நெருக்கி நெருக்கியே உச்சத்துக்குப் போகிறார். கோர்வை என்கிற முடிவுக் கணக்கு முடிந்து பல்லவியை எடுப்பதுபோல எல்லோரும் ஆரம்ப மெட்டை எடுத்தபோது என் கை தானாகத் தொடையில் விழுந்தது. வார் இழுக்கக் கொடுத்திருந்த பையன் வாசலில் நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

இரண்டாவதில் டிரம்பெட்டோடு ரெக்கார்டர் என்ற மரக்குழலைச் சேர்த்திருக்கிறார் பாக். நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் புல்லாங்குழலை உட்காரவைத்த மாதிரி, குழல் பாவம். மூன்றாவதின் கடைசிப் பகுதி எனக்கு ஓட்டமாகப் பட்டது, காலப்பிரமாணத்தைக் கொஞ்சம் நிதானித்திருக்கலாம்.

ஆறாவதில் வயலினே கிடையாது. வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவும், அதைவிடக் கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் தந்தி வாத்தியங்களும் ஹார்ப்சிகார்டும்தான். மிருதங்கத்தின் கணீரென்ற வலந்தலையைத் தொடாமல், கனத்து ஒலிக்கும் இடப்பக்கத் தொப்பியிலேயே ஒரு கச்சேரியை ஒப்பேற்றியதுபோல. சின்ன ஒலிபெருக்கியில் கேட்டால் இதில் பாதி காணாமல் போகிறது. மகனுடைய ஹெட்போனைக் கடன் வாங்கித்தான் முழுதாகக் கேட்டேன்.