கம்பெனி கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆடிட்டர் ஆபீஸ்

2024-25 வருமான வரிக் கணக்கை எங்கள் தெரு ஆடிட்டர் ஆபீஸில் கொடுத்தேன். வேலை சுத்தம்! கம்பெனி காரை ஆபீஸுக்கும் சொந்த வேலைக்கும் ஓட்டுகிறேன், பெட்ரோலும் கம்பெனி செலவு, இன்ஜின் 1.6 லிட்டருக்குள் என்பதால் அந்த வருட விதிப்படி மாதம் 1,800 ரூபாய்தான் (டிரைவர் இருந்தால் இன்னும் 900) கார் சலுகையின் மதிப்பாக, வரிக்காகச் சம்பளத்தோடு சேர வேண்டும், ஆனால் கம்பெனி கொடுத்த சலுகைகளின் மதிப்பைக் காட்டும் படிவம் 12பிஏ-வில் மொத்தச் செலவும் சொந்த உபயோகமாக ஏறியிருந்தது. இவர்கள்தான் அதைப் பிடித்தார்கள். முழுக்க அலுவலக ஓட்டம் என்று காட்டி வரியைத் தவிர்க்க வேண்டுமென்றால் தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவு எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார்கள். ஒரே குறை, கட்டணத்தை முன்கூட்டியே சொல்வதில்லை, அப்புறம் ஜூலையில் போனை எடுக்கவே மாட்டார்கள். ஏப்ரல், மே மாதத்திலேயே போய்ப் பேசிவிடுங்கள்.