கான்டெசா, ஸ்டாண்டர்ட் 2000, 118 என்இ: எண்பதுகளின் மூன்று கனவு வண்டிகள்

பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது ஐடி கட்டடங்கள் நிற்கின்றன. ஜிஎஸ்டி ரோட்டில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரே காட்சிதான் ஞாபகம் வரும். எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பாவின் சைக்கிள் கேரியரில் நான். கம்பெனி கேட்டிலிருந்து ஒரு வண்டி வெளியே வந்து ரோட்டில் ஏறியது. முன்பக்கம் கிரில் இல்லை. பானெட் நீண்டுகொண்டே போனது. பின்னால் டிக்கி என்று தனியாகத் துருத்திக்கொண்டு எதுவும் இல்லாமல், கூரை அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. அம்பாசடரும் பத்மினியும்தான் கார் என்று நினைத்திருந்த எனக்கு, இதையும் கார் என்றுதான் சொல்வார்களா என்று சந்தேகம். அப்பா சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு, "நம்ம ஊர் வண்டிடா" என்றார்.

அது ஸ்டாண்டர்ட் 2000. அன்றிலிருந்து என் கனவு கார் எது என்று கேட்டால் என் வாயில் வருகிற முதல் பெயர் அதுதான். ஆனால் அந்தக் காலத்துப் பெரிய வண்டி ஒன்றை இன்று வாங்க நினைக்கிறவரிடம் அதை வாங்குங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஏன் என்று சொல்ல, அதன் கூடவே சந்தைக்கு வந்த இன்னும் இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சின்ன வண்டி வேண்டியவர்களுக்கு வழி கிடைத்துவிட்டது. அம்பாசடருக்கு மேலே, பெரிதாக, வசதியாக ஒன்று வேண்டும் என்று காத்திருந்தவர்களுக்கு அடுத்தடுத்து மூன்று வண்டிகள் வந்தன. 1984ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசா. 1985ல் சென்னையிலிருந்து ஸ்டாண்டர்ட் 2000. அதே வருடம் பம்பாயிலிருந்து பிரீமியரின் 118 என்இ. புது மாடலை நினைத்தவுடன் கொண்டுவருகிற காலம் இல்லை அது. லைசென்ஸ், வெளிநாட்டுக் கூட்டுக்கு அனுமதி, இறக்குமதி வரி என்று கதவுக்குமேல் கதவு. அதனால் மூன்று கம்பெனியும் கிட்டத்தட்ட ஒரே வழியில் போயின. ஐரோப்பாவில் ஓடி முடித்த, அல்லது முடிக்கப்போகிற வண்டியின் பாடியை எடுத்துக்கொண்டார்கள். அதன் சொந்த இன்ஜினை விட்டுவிட்டு வேறு ஒரு இன்ஜினைப் பொருத்தினார்கள்.

பாடியை மட்டும் வைத்துப் பார்த்தால் என்னைப் பொறுத்தவரை போட்டியே கிடையாது. ஸ்டாண்டர்ட் 2000 என்பது இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. 1976ல் அங்கே வெளியாகி, 1977க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. வரைந்தவர் டேவிட் பேச். ஃபெராரி டேடோனாவைப் பார்த்துத்தான் அந்த மூக்கையும் பக்கவாட்டில் ஓடும் கோட்டையும் அவர் பிடித்தார். ஐந்து பேர் போகிற குடும்ப வண்டிக்கு அப்படி ஒரு முகம் கொடுக்க தைரியம் வேண்டும். உள்ளே இன்னொரு அழகான விஷயம் இருக்கிறது. எஸ்டி1ன் டாஷ்போர்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வார்க்கப்பட்டது. மீட்டர்கள் எல்லாம் ஒரு பெட்டியாக அதன் மேலே உட்கார்ந்திருக்கும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் எதிரே ஒரு ஏசி துவாரம் தெரியும். அது வெறும் காற்றுத் துவாரம் இல்லை. இடது கை டிரைவ் வண்டி செய்யும்போது ஸ்டீயரிங் தண்டு நுழைகிற ஓட்டை அதுதான். ஒரே அச்சில் இரண்டு தேசத்துக்கும் டாஷ்போர்டு. இதை முதல் தடவை தெரிந்துகொண்ட அன்று அந்த வடிவமைப்பாளர்கள்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

கான்டெசாவின் பூர்வீகம் வாக்ஸ்ஹால் விக்டர். 1972ல் வந்த எஃப்இ வரிசை, பிறகு விஎக்ஸ் என்று பெயர் மாறி, 1978ல் அங்கே நின்றுபோனது. வாக்ஸ்ஹால் என்றால் ஜெனரல் மோட்டார்ஸின் இங்கிலாந்துக் கிளை. அதனால்தான் கான்டெசா நிற்கிற விதத்தில் ஒரு அமெரிக்கச் சாயல். அகலம், நீள பானெட், பெரிய டிக்கி. எண்பதுகளின் தமிழ்ப் படங்களில் வில்லன் இறங்குவதற்கு இதைத் தேடிப் பிடித்தார்கள் என்றால் காரணம் இந்த நிலைதான். கதவைச் சாத்தினால் 'டப்' என்று கனமாக ஒரு சத்தம் வரும். கல்யாணத்தில் பெண் அழைப்புக்குக் கான்டெசா வந்தால், மாப்பிள்ளை வீட்டின் அந்தஸ்தை அந்தச் சத்தமே சொல்லிவிடும்.

118 என்இ மூன்றிலும் மூத்த உடம்பு. ஃபியட் 124, 1966ல் பிறந்தது, 1967க்கான அதே ஐரோப்பிய விருதை வாங்கியது. ரஷ்யர்கள் லாடா என்று செய்த வண்டிக்கும் இதுதான் தாய். பிரீமியர் அச்சுகளை வாங்கியது இத்தாலியிடமிருந்து இல்லை, அதே வண்டியைச் செய்துகொண்டிருந்த ஸ்பெயினின் சீட் கம்பெனியிடமிருந்து. பெட்டி மாதிரி சதுரமான உருவம். அழகு என்று கொண்டாட மாட்டேன், ஆனால் நான்கு மூலையும் டிரைவர் கண்ணுக்குத் தெரியும். நெரிசலான தெருவில் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். சக்கரத்துக்குச் சக்கரம் தூரம் பார்த்தால் 124க்கு 2,420 மில்லிமீட்டர், விக்டருக்கு 2,667, எஸ்டி1க்கு 2,815. பின் சீட்டில் கால் நீட்டுகிற சுகம் இந்த வரிசையிலேயே ஏறிக்கொண்டு போகும்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். என் கணக்கில் மூன்றின் தலையெழுத்தையும் எழுதியது இதுதான்.

கான்டெசா முதலில் வந்தபோது அம்பாசடரின் இன்ஜினையே போட்டார்கள். 1489 சிசி, சுமார் 50 குதிரைத் திறன். அம்பாசடருக்கே அது ஓடினால் போதும் என்கிற ரகம். அதைவிடப் பெரிய உடம்பை அதனால் எப்படி இழுக்க முடியும்? முந்துவதற்கு முன்னால் எதிரே ஒரு கிலோமீட்டர் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நிலை. ஆனால் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கேயே நின்றுவிடவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசுவிடமிருந்து 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் கொண்டுவந்தார்கள். 1817 சிசி, 88 குதிரைத் திறன். கான்டெசா கிளாசிக் என்று பெயர் வைத்தார்கள். திறன் ஒரேயடியாக முக்கால் பங்கு கூடியது. வெளியே பார்த்தால் அதே வண்டி, உள்ளே ஆள் வேறு. பிறகு இசுசுவின் 2 லிட்டர் டீசலும் வந்தது, டிராவல்ஸ்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2002 வரை கான்டெசா உற்பத்தியில் இருந்ததற்கு இந்த இன்ஜின் மாற்றம்தான் காரணம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

118 என்இ இந்த விஷயத்தில் ஆரம்பத்திலேயே சரியாகப் பண்ணியது. பெயரிலேயே இருக்கிறது: 118 என்றால் சுமார் 1.18 லிட்டர், என்இ என்றால் நிசான் இன்ஜின். நிசானின் ஏ12, 1171 சிசி, 52 குதிரைத் திறன். காகிதத்தில் முதல் கான்டெசாவின் அளவுதான். ஆனால் சின்ன உடம்பு, சுத்தமான ஜப்பானிய இன்ஜின், அதோடு நிசானின் கியர் பாக்ஸ். பத்மினியில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கை கியரோடு மல்லுக்கட்டியவர்கள் இதில் ஏறி முதல் கியர் போட்டதும் சிரித்துவிடுவார்கள். அவ்வளவு லேசாக விழும்.

ஸ்டாண்டர்ட் 2000 தோற்றது இங்கேதான். இங்கிலாந்தில் எஸ்டி1 முதலில் வந்தபோது அதன் பானெட்டுக்குக் கீழே இருந்தது 3.5 லிட்டர் வி8, 155 குதிரைத் திறன். அங்கே போலீஸ்காரர்களே விரும்பி ஓட்டிய வண்டி. நம் ஊரில் அதற்குக் கிடைத்தது 1991 சிசி, 83 குதிரைத் திறன் கொண்ட பழைய ஸ்டாண்டர்ட் இன்ஜின். அதன் பரம்பரை நாற்பதுகளின் இறுதியில் வந்த ஸ்டாண்டர்ட் வேங்கார்டு காரிலிருந்து தொடங்குகிறது. ஃபெர்குசன் டிராக்டரில் உழுததும், டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் இதே குடும்பத்து இன்ஜின்கள்தான்.

அந்த இன்ஜினை மட்டமானது என்று நான் சொல்ல மாட்டேன். அதில் வெட் லைனர். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் ஸ்லீவ்கள் இன்ஜின் பிளாக்கோடு வார்க்கப்படாமல் தனித்தனிக் குழாய்களாக நேராகத் தண்ணீரில் நிற்கும். தேய்ந்தால் பிளாக்கைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டியதில்லை. பழைய ஸ்லீவை உருவிவிட்டு, புதியதை அடியில் சீல் வைத்து இறக்கினால் போதும். டிராக்டருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, வயல் ஓரத்திலேயே வேலை முடிந்துவிடும். ஆனால் அது மெதுவாக, கனமாக உழைக்கப் பிறந்த இன்ஜின். டேடோனாவின் முகத்தோடு வந்த வண்டியிடம் ஜனங்கள் எதிர்பார்த்தது அதை அல்ல. பிக்கப் போதவில்லை, பெட்ரோல் நிறையக் குடித்தது. பக்கத்தில் மாருதியும் நிசான் இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்தபோது அந்தக் குறையை மறைக்க வழியே இல்லை. நம் ஊர் ரோட்டுக்காக வண்டியை உயர்த்தியதில் எஸ்டி1ன் தாழ்ந்த நடையும் போனது. 1988 வாக்கில் உற்பத்தி நின்றது. கான்டெசாவுக்குக் கிடைத்த இசுசு மாதிரி ஒரு இரண்டாவது வாய்ப்பு இதற்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்று நான் எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன்.

கம்பெனியில் மிஞ்சிக் கிடந்த உதிரி பாகங்களில் ஒரு பகுதியைப் பிற்பாடு வாங்கிக்கொண்டு போனது இங்கிலாந்தில் எஸ்டி1 ஸ்பேர் விற்கிற ஒரு நிறுவனம். அங்கே யாரோ ஒருவர் ஆசையாகப் பழுதுபார்த்து வைத்திருக்கும் ரோவரில் பெருங்களத்தூரில் அடித்த தகடு இருக்கலாம். அந்த எண்ணம் எனக்குப் பெரிய ஆறுதல்.

மூன்றையும் ஓட்டிப் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சேலத்தில் மாமா வைத்திருந்த 118 என்இயில் ஏற்காடு ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் போட்டுவிட்டு வளைவில் திருப்பினால், பின் சக்கரம் தள்ளுவது இடுப்பில் தெரியும். ஸ்டீயரிங் கனம்தான், ஆனால் முன் சக்கரம் என்ன செய்கிறது என்று கைக்குச் சொல்லிக்கொண்டே வரும். கான்டெசா கிளாசிக் அந்த ரோட்டுக்கு ஆள் இல்லை. அதற்கு உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் மாதிரி நேர் ரோடு வேண்டும். ஐந்தாவது கியர், ஜன்னல் மூடியிருக்கிறது, மாமா பின் சீட்டில் குறட்டை. அந்த வண்டியின் குணம் முழுக்க அந்தக் குறட்டையில் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் 2000ஐ கோயம்புத்தூரில் ஒரு நண்பர் தயவில் விடியற்காலையில் பதினைந்து நிமிடம் ஓட்டினேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த நீண்ட பானெட்டைப் பார்த்தபோது வேகம் என்ற ஒன்றே எனக்கு ஞாபகம் வரவில்லை.

இன்று வாங்க வேண்டும் என்றால்? பழைய வண்டியில் இன்ஜினைவிடத் துருவுக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். வண்டிக்குள் கால் வைக்கிற மேட்டைத் தூக்கித் தரைத் தகட்டைத் தட்டிப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், முன் கண்ணாடியைச் சுற்றி பீடிங்குக்கு அடியில், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற பள்ளம், இந்த மூன்றையும் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் பளபளப்பைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தேன். டிங்கரிங் பட்டறையில் பெயின்ட்டைச் சுரண்டியபோது கதவின் அடிப்பாகம் மொத்தமும் பட்டியாக இருந்தது. அடுத்தது ஆர்.சி. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி காட்டிப் புதுப்பித்தாக வேண்டும். அந்தச் சங்கிலி அறுந்த வண்டியைச் சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவுக்கு 50 வயது ஆக வேண்டும். 1985ல் பிறந்த வண்டிக்கு அது 2035ல்தான். அதிலும் அந்தப் பதிவு வாங்கினால் அன்றாடம் ஓட்ட முடியாது.

காசு போட்டு ஒரே ஒரு வண்டி வாங்கி, ஓட்டியும் மகிழ வேண்டும் என்றால் கான்டெசா கிளாசிக் 1.8 பெட்ரோல். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. மூன்றில் இன்றும் அதிகம் கண்ணில் படுவது அதுதான், வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். 118 என்இயைப் பலர் மதிக்காமல் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். நல்லதாக ஒன்று கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள், முக்கியமாக மலையோரத்தில் இருப்பவர்கள்.

எனக்கு? செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பெரியவரின் மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ஸ்டாண்டர்ட் 2000 நிற்கிறது. பழைய நம்பர், ஒரே ஓனர். நான்கு வருடமாகப் பொங்கலுக்குப் பொங்கல் போய்க் கேட்கிறேன். "விக்கிறதுக்கில்ல தம்பி" என்பார், காபி கொடுத்து அனுப்புவார். போன பொங்கலுக்கு முதல் தடவையாகச் சாவியைக் கையில் கொடுத்து, "பூட்டு திறக்குதான்னு பாரு" என்றார். திறந்தது. உள்ளே பழைய ரெக்ஸின் வாசனை, எலி கடித்த சீட், அந்தப் பக்கத்துச் சீட்டின் எதிரே அதே துவாரம். நாலு டயரும் மண்ணில் அமுங்கிவிட்டன. அடுத்த முறை போகும்போது ஜாக்கியும் நாலு மரக்கட்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.