ஆடுகிறவர்கள் வரையும் மேப்: ஹெக்ஸ் தாளா, கைக்கிறுக்கலா?

ஒரே கற்பனை உலகத்துக்குள் இரண்டு மூன்று குழுக்கள் மாறி மாறிப் பயணம் போகும், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டம் ஒன்றைத் தொடங்கப் போகிறீர்கள் என்றால், அரக்கர்களையும் புதையலையும் யோசிப்பதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். ஆடுகிறவர்கள் தங்கள் மேப்பை எந்த மாதிரித் தாளில் வரையப் போகிறார்கள்? ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் தனக்கென்று வைத்திருக்கும் மேப் வேறு கதை. போன சனிக்கிழமை ஆடியவர் இந்த வாரம் வரமாட்டார். அவர் பார்த்த மலையையும் ஆற்றையும் இந்த வாரம் வருகிறவருக்குச் சொல்ல அந்தத் தாள் மட்டும்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மூத்தது கிராஃப் ஷீட். இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடியாக 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் பதிப்பிலேயே நிலவறையை வரைவது ஆடுகிறவர்கள் வேலை. அதே ஆட்டத்தின் 1981 பேசிக் விதிநூலில் அதற்கென்றே 'மேப்பர்' என்று ஒரு பொறுப்பு உண்டு. ஒரு கட்டம் பத்து அடி. "வடக்கே நாற்பது அடி, அப்புறம் கிழக்கே திரும்புகிறது" என்று கேம் மாஸ்டர் சொல்லச் சொல்ல ஒருவர் வரைவார். சுவர்களுக்குள்ளே இதை மிஞ்ச ஆளில்லை. இரண்டு அறைகளுக்கு நடுவே காரணமில்லாமல் காலி இடம் விழுந்தால், அங்கே ரகசிய அறை இருக்கிறது என்று தாளே காட்டிக்கொடுத்துவிடும். திறந்தவெளிக்கு இது ஆகாது. காட்டைப் பத்து அடி பத்து அடியாக யாரும் அளப்பதில்லை.

வெளியே போனால் போட்டி ஹெக்ஸ் தாளுக்கும், வெற்றுத் தாளில் அளவு பார்க்காமல் வரையும் கைக்கிறுக்கலுக்கும்தான்.

ஹெக்ஸ் தாள் என்றால் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். காட்டுவழிப் பயணத்துக்கு அவலான் ஹில் 1972இல் வெளியிட்ட 'அவுட்டோர் சர்வைவல்' ஆட்டத்தின் பலகையைப் பயன்படுத்தச் சொன்னது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் பதிப்பு. அந்தப் பலகையும் அறுகோணம்தான். பேசிக் விதிநூலுக்கு அடுத்த நிலையாக 1981இல் வந்த எக்ஸ்பர்ட் பெட்டியோடு கிடைத்த 'தி ஐல் ஆஃப் டிரெட்' சாகசத்தில் ஆடுகிறவர்களுக்குக் கிடைப்பது கடற்கரைக் கோடு மட்டும். உள்ளே கட்டங்கள் எல்லாம் காலி, ஒவ்வொன்றும் ஆறு மைல். அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்தாலே கை பரபரக்கும். கணக்குக்கும் இது கச்சிதம்: எத்தனை கட்டம், எத்தனை நாள், எத்தனை நாளுக்குச் சோறு கட்ட வேண்டும் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

நாங்களும் இதில்தான் ஆரம்பித்தோம். இரண்டு குழு, ஒன்பது பேர். சில மாதங்களில் ஒரு சிக்கல் தெரிந்தது. ஆறு மைல் அகலமுள்ள ஒரு ஹெக்ஸின் பரப்பு சுமார் 31 சதுர மைல், அதாவது 80 சதுர கிலோமீட்டர். அதன் ஓரமாக ஒரு மாட்டுவண்டிப் பாதையில் நடந்து போனவர்கள், தாளில் முழுக் கட்டத்துக்கும் பச்சை அடித்துவிடுகிறார்கள். அடுத்த குழு அதைப் பார்த்து, "இங்கே போயாச்சு" என்று தாண்டிப் போகிறது. எங்கள் ஆட்டத்தில் அப்படிப் பச்சை அடித்த கட்டம் ஒன்றில் ஒரு பாழடைந்த கோபுரம் நாலு மாதம் தேடுவாரற்றுக் கிடந்தது. பார்த்தது எவ்வளவு, பார்க்காதது எவ்வளவு என்று கட்டத்துக்குச் சொல்லத் தெரியாது.

இன்னொன்று, வழி தவறுவது. எக்ஸ்பர்ட் விதிப்படி வெட்டவெளியில் வழி தவற ஆறில் ஒரு வாய்ப்பு. சதுப்பிலும் பாலையிலும் ஆறில் மூன்று. அருமையான விதி. ஆனால் எண் போட்ட ஹெக்ஸ் தாளில் ஒரு கட்டம் தப்பினால் அதற்குப் பிறகு வரைந்தது எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போகும். இரண்டு குழுவின் தாளும் ஒட்டாது. கடைசியில் கேம் மாஸ்டர் மனம் இரங்கி, "இல்லை, நீங்கள் இந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்" என்று விரல் வைத்துக் காட்டிவிடுவார். எங்கள் கேம் மாஸ்டரும் அதைத்தான் செய்தார். அத்தோடு வழி தவறும் விதி செத்தது.

கைக்கிறுக்கலுக்கு நாங்கள் மாறியது பென் ராபின்ஸ் என்ற கேம் மாஸ்டர் நடத்திய 'வெஸ்ட் மார்ச்சஸ்' ஆட்டத்தைப் பற்றிப் படித்த பிறகு. அவர் அதைப் பற்றி எழுதியது 2007இல். பத்துப் பேருக்கு மேல் ஆடினார்கள். நிலையான குழு கிடையாது, நிலையான நாள் கிடையாது. கதைக்குள் இருக்கும் ஒரு விடுதியின் மேசையில் யாரோ கீறி வைத்த மேப்தான் எல்லோருக்கும் பொது. அது துல்லியமான மேப் அல்ல. ஆனால் எல்லோரும் ஒரே உலகத்தில் நடக்கிறோம் என்ற நினைப்பை அதுதான் தந்தது.

எங்கள் முதல் கிறுக்கலில் ஒரு ஆறு, அதற்கு மேற்கே ஒரு பாறை. சாய்ந்து நிற்பதால் 'நொண்டிப் பாறை' என்று பெயர். பக்கத்தில் பென்சிலில் "ஆற்றைக் கடந்தால் அரை நாள்". எழுதியவர்கள் குதிரையில் போனவர்கள். அதை நம்பி நடந்து கிளம்பிய இரண்டாவது குழுவுக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. பாறையடியிலேயே ராத்திரி தங்கினார்கள். பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் ராத்திரி ஒரு இடுக்கிலிருந்து வெளிச்சம் வந்தது. திரும்பி வந்ததும் நீல மையில் சேர்த்து எழுதினார்கள்: "குதிரையில் அரை நாள். நடந்தால் முழு நாள். தங்காதீர்கள்." அடுத்த வாரம் எல்லோரும் அங்கேதான் போக வேண்டும் என்று அடம் பிடித்தார்கள். அந்தத் தப்பு இல்லையென்றால் அந்த வெளிச்சத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. இருபது ஆட்டம் தாண்டினால் தாள் நிரம்பிவிடும். புதிதாக வருகிறவருக்கு எங்கே தொடங்குவது என்றே புரியாது. சாப்பாட்டுக் கணக்கில் சண்டை வரும்.

திரையில் ஆடுகிறவர்களுக்கு ரோல்20, ஃபவுண்ட்ரி மாதிரி மென்பொருள்கள் இருக்கின்றன. கேம் மாஸ்டர் முழு மேப்பை ஏற்றி இருட்டால் மூடி வைப்பார். போகப் போகத் திறக்கும். வெவ்வேறு ஊரில் இருப்பவர்களுக்கு இது வரம், சண்டைக் காட்சிக்கும் மிக நல்லது. ஆனால் அப்படித் திறக்கும் மேப்பில் ஆடுகிறவர் கைபட்ட கோடு ஒன்றுகூட இல்லை. திரைதான் வழி என்றால், வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து எல்லோருக்கும் வரைய அனுமதி கொடுங்கள்.

என் தேர்வு இதுதான். பல குழு ஆடும் ஆட்டத்தில் பொது மேப் கைக்கிறுக்கலாக இருக்கட்டும். ஹெக்ஸ் தாள் கேம் மாஸ்டர் பக்கம் மறைவாக இருந்து தூரக் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். நிலவறைக்கு மட்டும் தனி கிராஃப் ஷீட். ஒரே குழு, வாரம் தவறாமல் அதே நாலு பேர் என்றால் ஹெக்ஸ் தாளே போதும். அங்கே யாருக்கும் சேதி விட்டுப் போக வேண்டியதில்லை.

கிறுக்கலுக்கு இரண்டே கட்டுப்பாடு: எழுதுகிறவர் தன் பாத்திரத்தின் பெயரையும் ஆட்டத் தேதியையும் போட வேண்டும், தப்பை ரப்பரால் அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். தாள் நிரம்பியதும் ஒருவர் புதுத் தாளில் படியெடுக்கலாம். பழைய தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் முதல் தாளில் நொண்டிப் பாறைக்குத் தெற்கே யாரோ ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். படியெடுத்தபோது அது விட்டுப்போய்விட்டது. அங்கே இன்னும் யாரும் போகவில்லை.