கையடக்கக் காற்று மீட்டர்: டெல்லிக் குளிரில் ஓட்டக் குழு நடத்துகிறவர்களுக்கு

குளிர்காலத்தில் டெல்லியில் ஓட்டக் குழு நடத்துவதென்றால் பாதி வேலை வாட்ஸப்பில்தான். "நாளைக்கு உண்டா, இல்லையா அக்கா?" என்று ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிப்பார்கள். ஆர்.கே. புரம், முனிர்க்கா பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து நேரு பார்க், சாந்தி பாத் என்று ஓடுகிற சின்னக் குழு எங்களுடையது. பிப்ரவரி கடைசியில் வரும் நியூ டெல்லி மாரத்தானுக்குத் தயாராகிறோம். அதனால் நீண்ட ஓட்டங்கள் எல்லாம் டிசம்பர், ஜனவரியில் வந்து விழும். ஊர்க் காற்று நாறிக் கிடப்பதும் அதே வாரங்களில்தான். தினமும் நடக்கிற இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்கத்தான் ஆன்லைனில் இதை வாங்கினேன். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். பெரிய பிராண்டெல்லாம் இல்லை. இதே பெட்டி வேறு வேறு பெயர் ஒட்டிக்கொண்டு நிறைய விற்கிறது.

சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். பக்கவாட்டில் ஒரு துளை, உள்ளே குட்டி விசிறி. அது இழுக்கிற காற்றின் மேல் லேசர் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து பி.எம். 2.5, அதாவது மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் நுண்தூசு, எவ்வளவு என்று கணக்குப் போடுகிறது. போட்டவுடன் வரும் எண்ணை நம்பாதீர்கள், ஓரிரு நிமிடம் விடுங்கள். ஓடிக்கொண்டே பார்ப்பதும் ஆகாது. எதிர்க்காற்று துளையில் அடித்தால் எண் தாறுமாறாக ஏறி இறங்கும். நின்று, கையை நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

சமீர் ஆப் இலவசமாக இருக்கும்போது இது எதற்கு என்று எங்கள் குழுவின் ரிடையர்டு மாமா கேட்டார். நியாயமான கேள்வி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆப் அது, ஆர்.கே. புரத்திலேயே அளவீட்டு நிலையமும் இருக்கிறது. கருவியின் தரத்தில் என் டப்பா அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் அதில் வரும் காற்றுத் தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரி. எனக்கு வேண்டியது இப்போது, நேரு பார்க் கேட் வாசலில் என்ன நிலவரம் என்பது.

இந்த மீட்டர் காசுக்கு உழைத்தது ஒரே விஷயத்தில். விடிகாலைக் காற்றுதான் சுத்தம் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. மாமா பிரம்ம முகூர்த்தம் வரைக்கும் போய்விடுவார். கும்பகோணத்தில் அது சரியாக இருக்கலாம். டெல்லி ஜனவரியில் ராத்திரி தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டுவிடும். புகையெல்லாம் கீழேயே தங்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் அது மேலே கலந்து கரையும். ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு கேட் பக்கம் மீட்டர் காட்டியது ஒரு கனமீட்டர் காற்றில் 210 மைக்ரோகிராம் பி.எம். 2.5. அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு அதே இடத்தில் 88. மாமாவின் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அப்போதும் விடவில்லை: "சாப்பிட்ட வயித்தோட எப்படிம்மா ஓடறது?" சரி, அது வேறு பிரச்சினை. இப்போது ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் மதியம்தான். பதினோரு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிட்டு வருகிறார், முணுமுணுத்துக்கொண்டே.

நான் வைத்திருக்கும் கணக்கு இந்தியக் காற்றுத் தர அட்டவணையை ஒட்டியது. 90 மைக்ரோகிராம் வரை திட்டப்படி ஓட்டம். 91 முதல் 120 வரை மெதுவோட்டம் மட்டும், இன்டர்வெல் (விட்டு விட்டு வேகமாக ஓடும் பயிற்சி) கிடையாது. 120க்கு மேல் போனால் 'மிக மோசம்'. வீட்டிலேயே ஸ்குவாட், பிளாங்க். வேகமாக ஓடும்போது சும்மா உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறோம், அதனால் வீம்புக்கு ஓடுவதில் பயன் இல்லை.

இனி குறைகள். பெரிய எழுத்தில் இது காட்டும் குறியீடு அமெரிக்கக் கணக்கு. மார்ச்சில் மழைக்குப் பிறகு 55 மைக்ரோகிராம் இருந்தபோது திரையில் ஆரஞ்சு நிறத்தில் 149. நம் கணக்கில் அது 92தான், 'திருப்திகரம்'. குழுவில் ஒருவர் அதைப் படம் எடுத்துப் போட, பாதிப் பேர் வரவில்லை. குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராமை மட்டும் பாருங்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை மூடுபனி. ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டினால் பனித்துளியையும் தூசு என்றே எண்ணிக்கொள்ளும். அந்த மாதிரி நாளில் முதலில் வானிலைத் துறையின் சஃப்தர்ஜங் நிலையம் காட்டும் ஈரப்பதத்தைப் பார்த்துவிட்டு மீட்டரைப் பையிலேயே வைத்துவிடுகிறேன். எப்படியும் எதிரே வரும் ஆட்டோ தெரியாத பனியில் குழுவை ரோட்டில் இறக்கப் போவதில்லை.

பி.எம். 10 (சற்றுப் பெரிய தூசும் சேர்ந்த அளவு) என்று காட்டுவது பெரும்பாலும் உத்தேசம். ஃபார்மால்டிஹைடு வாயுவுக்குக் காட்டும் எண் வெறும் அலங்காரம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, பவர் பேங்க் வேண்டும்.

தனியாக ஓடுகிறவர்களுக்கு இது தேவையில்லை. சமீரும், மதியம் வெயிலும் காற்றும் இருக்கிறதா என்ற ஒரு பார்வையும் போதும். குழு நடத்துகிறவர்கள் வாங்கலாம். வாங்கும்போது அமெரிக்கக் கணக்கை அணைக்க முடியுமா, உள்ளே சேரும் தூசை ஊதி எடுக்க மூடி கழலுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என்னுடையதில் இரண்டும் கிடையாது.