வானலைக் கருவிக்கு எந்த அனுமதிப் பாதை? அமெரிக்க முறையும் ஐரோப்பிய முறையும்

கொழும்பில் ஒரு சிறு குழு, தண்ணீர்த் தாங்கியின் மட்டத்தைக் கைத்தொலைபேசிக்கு அறிவிக்கும் கருவியைச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்ற கேள்வி பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் எழுகிறது. அது முதல் நாளே எழ வேண்டும்; விடையைப் பொறுத்துச் சுற்றுப்பலகையின் வடிவமைப்பே மாறிவிடும்.

இலங்கையில் விற்க வழி ஒன்றுதான்: 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் வகை அங்கீகாரம், அதாவது ஒரு மாதிரிக் கருவிக்குத் தரும் அனுமதி. அந்த விண்ணப்பத்தின் உயிர்நாடி ஆய்வுகூடச் சோதனை அறிக்கை. அமெரிக்க அல்லது ஐரோப்பிய விதிகளின்படி எடுத்த அறிக்கைகளே இங்கு அதிகம் கைகொடுக்கின்றன. ஆகவே ஏற்றுமதி எண்ணமே இல்லாதவரும் அந்த இரு முறைகளையும் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. ஆணையம் கருவிகளை இரண்டாகப் பிரிக்கிறது. வைஃபை, புளூடூத் போல வேண்டுமென்றே வானலை பரப்புபவை, தகுதி பெற்ற ஆய்வுகூடத்தில் சோதிக்கப்பட்டு, ஆணையம் ஏற்ற சான்றளிப்பு அமைப்பிடம் சான்றிதழ் பெற வேண்டும். அலைபரப்பி இல்லாத கணினித் துணைக்கருவிகளுக்கு 2017 முதல் வழங்குநரின் இணக்கப் பிரகடனமே, அதாவது கருவி விதிகளுக்கு அமைகிறது என்று அவரே தரும் உறுதிமொழியே, போதும். ஆனால் அந்தப் பிரகடனத்துக்குப் பொறுப்பேற்பவர் அமெரிக்காவில் இருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வானலைக் கருவிகளை 2014/53 இலக்கப் பணிப்புரை ஆள்கிறது. ஒன்றியம் ஏற்று வெளியிட்ட தரநிலைகளை முழுமையாகப் பின்பற்றினால், அலைபரப்பும் கருவிக்குக்கூட உற்பத்தியாளர் தானே, ஒன்றிய விதிகளுக்கு அமைவதைக் காட்டும் சி.ஈ. குறியை இடலாம். இதை இலகுவான வழி என்று பலர் சொல்கிறார்கள்; நான் அப்படி நினைக்கவில்லை. தொழில்நுட்பக் கோப்பை 10 ஆண்டுகள் காக்க வேண்டும், தவறு நேர்ந்தால் முழுப் பொறுப்பும் உங்களுடையது. 2025 ஆகஸ்ட் 1 முதல் இணையத்துடன் இணையும் கருவிகளுக்கு இணையப் பாதுகாப்பும் கட்டாயம். அதற்கான ஈ.என். 18031 தரநிலையில் ஒரு முக்கியமான கட்டுப்பாடு உண்டு: கடவுச்சொல் வைக்காமலேயே பயனர் கருவியைப் பயன்படுத்த முடியுமானால், அத்தரநிலையை மட்டும் காட்டித் தாமே பிரகடனம் செய்ய இயலாது, ஒன்றியம் அறிவித்த மதிப்பீட்டு அமைப்பிடம் போக வேண்டும்.

நம்பகத்தன்மையில் அமெரிக்க முறைக்கே என் வாக்கு. கொழும்பின் புறக்கோட்டைச் சந்தையில் வாங்கும் கருவியில் எஃப்.சி.சி. அடையாள எண் இருந்தால், ஆணையத்தின் பொதுத் தரவுத்தளத்தில் அதைத் தேடிச் சோதனை அறிக்கையையே படிக்கலாம். சி.ஈ. குறிக்கு அப்படித் தேட எந்தப் பொதுப் பட்டியலும் இல்லை; பெரும்பாலும் அது உற்பத்தியாளரின் வாக்கு மட்டுமே.

சிறு குழுவுக்கு உண்மையில் உதவுவது, ஏற்கெனவே சான்று பெற்ற மொடியூலை, அதாவது அலைபரப்பிச் சுற்று ஆயத்தமாக உள்ள சிறு பலகையை, வாங்கிப் பொருத்துவது. அமெரிக்காவில் அதன் சான்று உங்கள் கருவிக்குள்ளும் செல்லும்; உள்ளே இன்ன எஃப்.சி.சி. அடையாள எண் கொண்ட மொடியூல் உள்ளது என்று வெளியே ஒட்டினால் போதும். ஆனால் அன்ரெனா, சான்றில் குறித்த வகையாகவும் அதே அல்லது குறைந்த ஈட்டம் (அலையை ஒரு திசையில் குவிக்கும் அளவு) உடையதாகவும் இருக்க வேண்டும். எஞ்சிய சுற்றுக்கு இணக்கப் பிரகடனமும் தேவை. ஐரோப்பாவில் இந்தச் சலுகை இந்த வடிவில் இல்லை. மொடியூலின் அறிக்கைகளை மீண்டும் பயன்படுத்தலாம், ஆனால் முழுக் கருவிக்கும் நீங்களே பொறுப்பு.

மீடிறனையும் சோதனை அறிக்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தூரத்துக்கு அனுப்பும் லோரா மொடியூல் அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹேர்ட்ஸ் வரை இயங்கும். ஐரோப்பாவில் 868ஐ ஒட்டி. அமெரிக்க வீச்சின் கீழ்ப்பகுதி, இலங்கையில் கைத்தொலைபேசிகள் கோபுரத்துக்கு அனுப்பும் 890 முதல் 915 வரையான வீச்சின் மேல் விழுகிறது. இங்கு அதை இயக்கினால் அயலவரின் அழைப்பு குழம்பலாம். 2.4 கிகாஹேர்ட்ஸ் உலகெங்கும் பொதுவானது. ஆயினும் அமெரிக்கா 1 வாட் வரை அனுமதிக்கும் இடத்தில் ஐரோப்பா, அன்ரெனாவின் ஈட்டத்தையும் சேர்த்து, 100 மில்லிவாட்டில் நிறுத்துகிறது.

எனவே முதல் தயாரிப்புக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மொடியூலைத் தேர்ந்து, இரு முறைகளுக்குமான முழு அறிக்கைகளையும் விற்பவரிடம் கேளுங்கள். சான்றிதழின் முதல் பக்கத்தை மட்டும் அனுப்புபவரிடம் வாங்க வேண்டாம். சொந்த அலைபரப்பிச் சுற்றை, சோதனைச் செலவைத் தாங்கும் அளவுக்கு விற்பனை வளர்ந்த பிறகு வடிவமைக்கலாம்.