சிக்லிட் தொட்டிக்கு எந்தச் செடி: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், வாலிஸ்னேரியா, அமேசான் ஸ்வார்டு ஓர் ஒப்பீடு

சிக்லிட் வளர்க்கப் புறப்படுகிறவர்களின் காதில் முதலில் விழும் எச்சரிக்கை, அந்தத் தொட்டியில் உயிர்ச்செடி தங்காது என்பதே. 1,600-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு மீன் குடும்பத்தைப் பற்றி இப்படி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வது பொருந்தாது. செடியைக் கடித்துத் தின்னும் சிக்லிட்டுகள் உண்டு. ஆனால் முட்டையிடக் குழி பறிக்கும்போதும், இரை தேடி மணலை வாயில் அள்ளிச் சலிக்கும்போதும் செடியை வேரோடு பெயர்த்துவிடுகிற சிக்லிட்டுகளால்தான் இழப்பு அதிகம். பெயர்ந்து மிதக்கும் செடியைப் பார்த்துவிட்டு, மீன் தின்றுவிட்டது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். ஆகவே இங்கே செடியின் அழகையோ வளர்ச்சி வேகத்தையோ முன்னால் வைக்காமல், அது எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். இலையின் சுவையும் நீரின் தன்மையும் அதற்கடுத்தவை.

மணலே தேவைப்படாத செடிகளில் நேருக்கு நேர் போட்டியிடுபவை அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். முன்னது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் ஆற்றோரங்களைச் சேர்ந்தது; பின்னது தென்கிழக்காசிய ஓடைகளில் பாறைகளையும் மரவேர்களையும் பற்றி வளர்வது. இரண்டுக்கும் தடித்த வேர்த்தண்டு உண்டு. அதைக் கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலால் கட்டிவிட்டால், அல்லது சயனோஅக்ரிலேட் பசையில் (சூப்பர் குளூ) ஒரு துளி வைத்து ஒட்டிவிட்டால், சில வாரங்களில் வேர்கள் தாமாகவே பற்றிக்கொள்ளும். அதன்பின் மீன் எவ்வளவு தோண்டினாலும் செடிக்குக் கவலையில்லை. மணலில் புதைக்கத்தான் கூடாது. புதைந்த வேர்த்தண்டு அழுகத் தொடங்கும்போது, மேலே இலைகள் பச்சையாகவே இருக்க, அடியில் தண்டு மட்டும் கூழாகிவிடும். விரலால் அழுத்தினால் நலமான தண்டு உறுதியாக நிற்கும், அழுகியது நசுங்கிக் கெட்ட வாடையடிக்கும்.

இருவருக்கும் வேறுபாடு இலையில்தான். அனுபியாஸின் இலை தோல் போன்று தடிப்பானது. சேம்புக் குடும்பத்துக்கே உரிய கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் அதில் இருப்பதால், பெரும்பாலான மீன்கள் ஒரு முறை கடித்துப் பார்த்துவிட்டு விலகிவிடுகின்றன. ஜாவா ஃபெர்னின் இலை அதைவிட மெல்லியது. கடித்தால் கிழியக்கூடும், ஆனால் அதன் சுவையும் மீன்களுக்குப் பிடிப்பதில்லை. கிழிந்தாலும் ஈடுகட்டும் வழி அதற்கு உண்டு: முதிர்ந்த இலையின் நுனியிலும் விளிம்பிலும் குட்டிச் செடிகள் பழுப்பு மயிர்போன்ற வேர்களுடன் முளைத்து, தானே பிரிந்து வேறோர் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இலையின் அடியில் வரிசையாகத் தெரியும் கரும்பழுப்புப் புள்ளிகளை நோய் என்றெண்ணிப் பலர் வெட்டி எறிகிறார்கள். அவை வித்துக் கூடுகள். அனுபியாஸோ ஓர் இலையை இழந்தால் அடுத்த இலைக்கு வாரக்கணக்கில் காக்க வைக்கும். அந்த மந்தகதியால் அதற்கு வரும் பெரிய தொல்லை பாசி. விளக்கு பிரகாசமாக இருந்தால் இலைப்பரப்பில் பச்சைப் புள்ளிகள் படிந்து, தேய்த்தாலும் போகாமல் நிற்கும். பாறையிலிருந்து பாசியைச் சுரண்டித் தின்னும், கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த எம்புனா மீன்கள் இந்த இலைகளையும் சுரண்டுவதுண்டு; இலை சுத்தமாகும், சில தழும்புகளும் மிஞ்சும். அதை நான் நட்டமாகக் கருதவில்லை.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியுமென்றால், எம்புனாவுக்கும், ஆஸ்கார் போன்ற பெரிய முரட்டு மீன்களுக்கும் அனுபியாஸையே சொல்வேன். ஒரு நிபந்தனை: 30 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும் ஆஸ்கார் சிறு கல்லைச் செடியோடு சேர்த்தே உருட்டிவிடும் என்பதால், செடியை ஒட்டும் கல் மீனால் அசைக்க முடியாத எடையில் இருக்க வேண்டும். கிரிபென்சிஸ், ஏஞ்சல் போன்ற சாதுவான மீன்கள் உள்ள தொட்டியில் ஜாவா ஃபெர்ன் விரைவாகப் பெருகி இடத்தை நிரப்பும். அங்கே அதுவே மேல்.

மணலில் வேரூன்றும் செடிகளுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. இங்கே நீரே பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது. மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் மீன்களுக்குக் காரத்தன்மை மிகுந்த கடினநீர் தேவை. மலாவி மீன்களுக்கு பிஹெச் ஏறத்தாழ 7.8 முதல் 8.6 வரையிலும், டாங்கனிக்கா மீன்களுக்கு அதற்குச் சற்று மேலும் வைப்பது வழக்கம். இத்தகைய நீரில் கரைந்த கரியமில வாயு மிகக் குறைவு. செடி உணவு தயாரிக்கத் தேவையான கரிமம் பெரும்பாலும் பைகார்பனேட் என்ற கரைந்த உப்பாகவே கிடைக்கிறது. வாலிஸ்னேரியாவால் அந்தப் பைகார்பனேட்டையே நேரடியாக எடுத்துப் பயன்படுத்த முடியும். மலாவி ஏரியின் ஆழமற்ற மணற்பகுதிகளில் வாலிஸ்னேரியா இயற்கையாகவே வளர்கிறது என்பதால், இந்த மீன்களுக்கு அது அயல் செடியே அல்ல. அமேசான் ஸ்வார்டுக்கு அந்த வசதி கிடையாது. பிஹெச் உயர உயர இரும்புச்சத்து செடிக்குக் கிடைப்பது குறைந்து, அதன் இளம் இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரியத் தொடங்கும்.

ஆனால் தென்னமெரிக்க மென்னீர் மீன்களின் தொட்டியில் ஸ்வார்டே முந்துகிறது. 28 பாகை செல்சியஸுக்கு மேல் வெதுவெதுப்பு வேண்டும் டிஸ்கஸ் மீன்களோடு அது ஒத்துப்போகும். நிமிர்ந்து நிற்கும் அதன் அகன்ற இலையைத் துடைத்துச் சுத்தம் செய்து அதன்மேல் முட்டைகளை வரிசையாக ஒட்டுவது ஏஞ்சல் மீன்களின் பழக்கம். வேர் வழியே மிகுதியாக உண்ணும் செடி என்பதால், வெறும் ஆற்றுமணலில் நட்டால் அது இளைத்துவிடும். வேர்ப்பகுதியில் உரமாத்திரை வைத்தே தீர வேண்டும். பண்ணையில் நீருக்கு வெளியே வளர்ந்த இலைகள் நட்ட சில வாரங்களில் கரைந்துபோவதும் இயல்பு; நடுவிலிருந்து புதிய இலை வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

வாலிஸ்னேரியாவும் நட்ட புதிதில் இப்படிக் கரைவதுண்டு. இலையும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மணலுக்கு மேலே தெரிய வேண்டும். திரவக் கரிமம் என்று விற்கப்படும் குளுட்டரால்டிஹைடு கலவைகளை அது தாங்காது. பாசியை ஒழிக்க அவற்றை ஊற்றிவிட்டு, செடி ஏன் உருகுகிறது என்று நீரைச் சோதித்துக்கொண்டிருப்பது வீண் வேலை. நிலைபெற்றுவிட்டால் ஓடுதண்டு விட்டுத் தொட்டி முழுதும் பரவும். ஒன்றிரண்டை மீன் பிடுங்கினாலும் கூட்டம் குறையாது. பிடுங்கினால் உயிர்பிழைப்பு என்ற இந்த ஒரு கணக்கில், ஒற்றைச் செடியாக நிற்கும் ஸ்வார்டு தோற்றுவிடுகிறது. வாயால் மணலைச் சலிக்கும் ஜியோஃபேகஸ் மீன்கள் இருந்தால் இரண்டையுமே சிறு மண்தொட்டியில் நட்டு, மேற்பரப்பில் கூழாங்கற்களைப் பரப்பி, அந்த மண்தொட்டியோடு மணலில் இறக்குவது நல்லது.

ஹார்ன்வொர்ட்டை இந்தப் போட்டியில் சேர்ப்பதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. வேரே இல்லாத மிதக்கும் செடி, கடினநீரிலும் வளரும், அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் வேகமாக உறிஞ்சும். எம்புனாக்களுக்கு அது தீனி, செடியல்ல. சூழல் மாறினால் ஊசியிலைகளை உதிர்த்து வடிகட்டியின் வாயை அடைத்துவிடும். நிழலுக்காக வேண்டுமானால் போடலாம். நைட்ரேட்டைக் குறைப்பதே நோக்கமென்றால், மணி பிளான்ட்டின் வேர்களை மட்டும் நீருக்குள் விட்டு, இலைகளைத் தொட்டிக்கு வெளியே வளர்ப்பது ஆஸ்கார் வைத்திருப்பவர்களுக்கு அதைவிடச் சுலபம்.

எதைத் தேர்ந்தாலும் வரிசை முக்கியம். செடிகளை நட்டு, நான்கு முதல் ஆறு வாரங்கள் மீனில்லாமல் வேர்பிடிக்க விட்டு, அதன்பின் சிறு பருவத்து மீன்களை விடுகிறவர்களுக்கு இழப்பு குறைகிறது. வளர்ந்த மீன்கள் ஏற்கெனவே குடியிருக்கும் தொட்டியென்றால், கல்லில் ஒட்டிய அனுபியாஸை முதலிலும், மண்தொட்டியில் முன்பே வேரூன்றவைத்த வாலிஸ்னேரியாவை இரண்டாவதாகவும் இறக்குங்கள். தாவரம் உண்ணும் மீன்களுக்கு அந்த நாட்களில் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி சேர்ந்த உணவைக் கூட்டிக்கொடுத்தால், புதிய இலைகளை அவை கொறிப்பது குறையும்.